முப்பது சதவீதக் கோடு

2002 ஆகஸ்ட் மாதம் சுவிட்சர்லாந்தின் கிரௌபுண்டன் மாநிலத்தில் ஒரு பெரிய பால் பண்ணையில் மாடுகள் வரிசையாகப் படுத்தன. காய்ச்சல், தீவனத்தில் வாய் வைக்காமை, மடியில் பால் வற்றுதல். தோலில் ஒட்டுண்ணிகள். சில மாடுகளுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. சில செத்தன. பண்ணையிலிருந்த 286 உருப்படிகளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பசுக்களில் பாதிக்குச் சோகை. நூற்றுக்கு 47 பசுக்களின் சிவப்பணுக்களுக்குள், விளிம்பை ஒட்டி, சாயம் ஏறிய ஒரு சிறு புள்ளி தெரிந்தது. அனாபிளாஸ்மா மார்ஜினாலே என்ற பாக்டீரியா அது. வெப்ப நாடுகளில் உண்ணி பரப்பும் நோய்களில் முதல் வரிசையில் நிற்பது. ஆல்ப்ஸ் மலைச்சாரலில் அதுவரை இப்படி ஓர் ஆட்டம் ஆடாதது.

இன்னும் துருவியபோது அந்த ரத்தத்தில் ஒரு கூட்டமே குடியிருந்தது தெரிந்தது. பபீசியா, தைலீரியா, மைக்கோபிளாஸ்மா, அனாபிளாஸ்மாவின் இன்னொரு இனமான பேகோசைட்டோஃபிலம். சிவப்புச் சிறுநீருக்கு இந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் காரணமாக இருந்திருக்கலாம். மார்ஜினாலே தாக்கிய சிவப்பணுக்களை மண்ணீரல் பிடித்து அழித்துவிடுவதால், அந்த நோயில் தனியாகச் சிறுநீர் சிவப்பதில்லை. எப்படியிருந்தாலும் முதல் குற்றவாளி மார்ஜினாலேதான் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். நோய் பரவாமலிருக்க மொத்த மந்தையையும் கொன்றார்கள்.

அந்தப் பண்ணையில் நோயைக் கண்டுபிடிப்பது பெரிய சவால் அல்ல. செத்துக்கொண்டிருக்கும் மாட்டின் ரத்தத்தில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும், நுண்ணோக்கியே போதும். சவால் அதற்குப் பிறகு வந்தது. பக்கத்துப் பண்ணையில் கொழுகொழுவென்று மேய்ந்துகொண்டிருக்கும் பசுவுக்குள் இந்தக் கிருமி இருக்கிறதா? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது. அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் இருக்கும் எதிர்ப்பொருள் சோதனையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பற்றியது.

அனாபிளாஸ்மாவில் பிழைத்த மாடு கிருமியை விரட்டிவிடுவதில்லை. ஆயுள் முழுக்கச் சுமக்கிறது. கிருமி தன் மேற்பரப்பிலுள்ள எம்.எஸ்.பி.2 என்ற புரதத்தின் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். மாட்டின் உடல் ஒரு வடிவத்துக்கு எதிர்ப்பைத் தயார் செய்து முடிப்பதற்குள் அடுத்த வடிவம் தலை தூக்கும். ஏறத்தாழ ஐந்து வாரத்துக்கு ஒரு முறை எண்ணிக்கை ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். இறங்கியிருக்கும் சமயத்தில் ஒரு மில்லி ரத்தத்தில் சில நூறு கிருமி தாங்கிய அணுக்களே இருக்கலாம். பசுவின் ஒரு மில்லி ரத்தத்தில் சிவப்பணுக்களோ 500 கோடிக்கு மேல். நுண்ணோக்கிக்கு மில்லிக்குப் பத்து லட்சமாவது வேண்டும். ஆகவே சுமக்கும் மாட்டின் ரத்தத் தடவலில் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த மாட்டைக் கடித்த உண்ணியோ, ஈயோ, அதற்குப் போட்ட ஊசியைக் கழுவாமல் அடுத்ததற்குப் போடும் கையோ கிருமியைக் கடத்திவிடும்.

கிரௌபுண்டன் மாடுகளில் தெரிந்த அந்தப் புள்ளியை முதலில் பார்த்தவர்களில் ஒருவர் தியோபால்ட் ஸ்மித். டெக்சாஸ் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று கில்போர்னுடன் சேர்ந்து 1893இல் நிறுவியவர். சிவப்பணுவின் ஓரத்தில் இருந்த சிறு புள்ளிகளையும் அவர் கவனித்தார். ஆனால் அந்தக் காய்ச்சலை உண்டாக்கும் பபீசியாவின் வளர்ச்சியில் ஒரு கட்டம் என்று எடுத்துக்கொண்டார். அது தனிக் கிருமி என்று 1910இல் சொன்னவர் தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்த ஆர்னால்ட் தைலர். அவர் சுவிட்சர்லாந்தில், ஃபிரிக் என்ற ஊரில் பிறந்தவர். கிரௌபுண்டன் மாடுகளின் ரத்தத்தில் இருந்தது, தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே நாட்டுக்காரர் ஒருவர் ஆப்பிரிக்காவில் பெயர் வைத்த கிருமி.

கிருமி ஒளிந்துகொண்டால் அதன் தடயத்தைத் தேடலாம். உடல் தயாரித்த எதிர்ப்பொருள்தான் தடயம். பழைய முறைகள் சிலவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். அட்டையில் ஒரு சொட்டு சீரத்தைக் கலந்து திரிகிறதா என்று பார்ப்பது ஒன்று. காம்ப்ளிமென்ட் ஃபிக்சேஷன் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் பல நாடுகள் மாடுகளின் ஏற்றுமதிச் சான்றிதழுக்காக நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்தன. கிருமியைச் சுமக்கும் ஐந்து மாடுகளில் நான்கை அது தவறவிடக்கூடும் என்று பின்னால் தெரியவந்தது. அந்தச் சான்றிதழோடு எல்லை தாண்டிய மாடுகளை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கவலையும் வருகிறது.

1990களில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சுற்றி உருவான போட்டி எலிசா நிலைமையை மாற்றியது. இது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 சிறு குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் கிருமியின் எம்.எஸ்.பி.5 என்ற புரதத்தைப் பூசி வைத்திருப்பார்கள். அதில் பசுவின் சீரத்தை விடுவார்கள். பிறகு அந்தப் புரதத்தின் ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒட்டக்கூடிய, நிறம் உண்டாக்கும் நொதி கட்டப்பட்ட ஓர் எதிர்ப்பொருளை விடுவார்கள். பேருந்தில் முதலில் ஏறியவர் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டால் அடுத்து வருபவர் நிற்க வேண்டியதுதானே! பசுவின் ரத்தத்தில் ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருந்தால் அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நொதி கட்டியது உட்கார இடமில்லாமல், கழுவும்போது போய்விடும். கடைசியில் விடும் திரவம் நீலமாவதற்கு நொதி இருக்காது. ஆகவே நிறம் வந்தால் மாட்டுக்கு எதிர்ப்பொருள் இல்லை. நிறம் மங்கினால் இருக்கிறது. நோயில்லாத மாட்டின் சீரம் விட்ட குழியோடு ஒப்பிட்டு, நிறம் எத்தனை சதவீதம் குறைந்தது என்று கருவி கணக்குச் சொல்லும். 30க்குக் கீழே இருந்தால் நெகட்டிவ். 30ஓ அதற்கு மேலோ என்றால் பாசிட்டிவ். எல்லாம் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

எம்.எஸ்.பி.5ஐத் தேர்ந்தெடுத்ததில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. எம்.எஸ்.பி.2 போல அது வேஷம் மாற்றுவதில்லை. உலகின் எந்த மூலையில் கிடைத்த மார்ஜினாலேயை எடுத்தாலும் அந்தப் புரதம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. அதனால் அமெரிக்காவில் செய்த தட்டு ஆர்ஜென்டினா மாட்டுக்கும் பொருந்தும். தொற்றிய 16ஆம் நாளிலிருந்தே எதிர்ப்பொருளைப் பிடித்துவிடுகிறது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் பிடிக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் வந்தது. எம்.எஸ்.பி.5ஐ ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வளர்த்து எடுத்தார்கள். பிரித்தெடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ஈ.கோலையின் சொந்தப் புரதம் ஒன்றை, மால்ட்டோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை, அதன் வாலில் கட்டியிருந்தார்கள். எல்லா மாட்டின் குடலிலும் ஈ.கோலை இருக்கிறது. சில மாடுகளுக்கு அந்த வாலுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டு. அது வாலில் போய் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும், நிறம் மங்கும், உண்ணியையே பார்த்திராத மாடு பாசிட்டிவ் ஆகிவிடும். இதற்காகவே, சீரத்தை முதலில் வால் புரதம் மட்டும் பூசிய வேறொரு தட்டில் விட்டு, வேண்டாத எதிர்ப்பொருளை உறிஞ்சியெடுத்துவிட்டுப் பிறகு சோதனைத் தட்டுக்கு மாற்றும்படி செய்முறையை வகுத்தார்கள். பின்னர், 2014இல், வாலையே மாற்றிய வடிவம் பற்றிய ஆய்வு வெளியானது. அவசரத்தில் முதல் படியைத் தாண்டிப் போன சோதனைச்சாலைகள் எத்தனை இருந்திருக்கும்!

சரி, இந்தச் சோதனை எவ்வளவு சரி? இதைச் சொல்ல, எந்த மாட்டுக்கு நோய் இருக்கிறது, எதற்கு இல்லை என்று வேறு வழியில் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் அதற்கிருந்த உச்ச வழி கன்றுக்குட்டிதான். மண்ணீரலை அறுவை செய்து எடுத்த கன்று. சந்தேகத்துக்குரிய மாட்டிலிருந்து அரை லிட்டர் வரை ரத்தத்தை எடுத்து அந்தக் கன்றின் நரம்பில் ஏற்றுவார்கள். கிருமிகளை வடிகட்டும் மண்ணீரல் இல்லாததால், ஒன்றிரண்டு கிருமி போயிருந்தாலும் பெருகிவிடும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை ரத்தத் தடவல் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு மாட்டின் நிலையை அறிய ஒரு கன்று. நூறு மாட்டுக்கு நூறு கன்று வேண்டும் என்றால் யார் செய்வார்கள்?

டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். வந்தபின் இது மாறியது. இரண்டு சுற்றாகச் செய்யும் பி.சி.ஆர்., மில்லிக்கு 30 கிருமி தாங்கிய அணுக்கள் இருந்தால்கூடக் காட்டிவிடும். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், நோய் வேரூன்றிய இடத்து மந்தையை இந்த முறையில் பரிசோதித்தார்கள். நோய் பரவாத பகுதியின் மாடுகளையும் பரிசோதித்தார்கள். பிறகு எலிசா முடிவோடு ஒப்பிட்டார்கள். 1998இல் வந்த கணக்கு இது: கிருமி உள்ள 100 மாடுகளில் 96ஐ எலிசா பிடித்தது, இல்லாத 100இல் 95ஐ நெகட்டிவ் என்று சரியாகச் சொன்னது. முதல் எண்ணை உணர்திறன் என்றும் இரண்டாவதைக் குறிப்புத்திறன் என்றும் சொல்வார்கள்.

96, 95. பரீட்சை மார்க் என்றால் பெற்றோர் இனிப்பு வாங்கிக் கொடுப்பார்கள். இந்த எண்களை எடுத்துக்கொண்டு இரண்டு ஊர்களுக்குப் போவோம்.

முதல் ஊரில் 1000 மாடுகளில் பாதிக்குக் கிருமி உண்டு என்று வைத்துக்கொள்வோம். 500இல் 480 பாசிட்டிவ். கிருமியில்லாத 500இல் தவறாக 25 பாசிட்டிவ். மொத்தம் 505 பாசிட்டிவ்களில் 480 நிஜம். நூற்றுக்கு 95 நம்பலாம். இரண்டாவது ஊரில் 1000 மாடுகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் கிருமி என்று கொள்வோம். அந்த ஒன்று அநேகமாகப் பிடிபடும். மீதி 999இல் ஐந்து சதவீதம், அதாவது சுமார் 50 மாடுகள், சும்மா பாசிட்டிவ் காட்டும். 51 பாசிட்டிவில் நிஜம் ஒன்று. அதே தட்டு, அதே திரவம், அதே 30 சதவீதக் கோடு. குறிப்புத்திறன் 99.7 ஆக உயர்ந்தால்கூட அந்த ஊரில் நான்கு பாசிட்டிவில் மூன்று பொய்யாகவே இருக்கும். ஒரு மந்தையையே கொன்று முடித்திருந்த சுவிட்சர்லாந்தில் அடுத்த பண்ணைக்குப் பாசிட்டிவ் என்ற தாள் போனால் அதன் கனம் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது வெறும் கணக்கால் வரும் தொல்லை. சுவிஸ் ஆய்வாளர்கள் அடுத்து எதிர்கொண்டது உயிரியலால் வந்தது. நாட்டு மாடுகளில் மார்ஜினாலே எவ்வளவு என்று கணக்கெடுக்கப் போனவர்களுக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. ஐரோப்பிய மேய்ச்சல் நிலங்களில் இக்ஸோடஸ் ரிசினஸ் என்ற உண்ணி ஏராளம். அது பரப்பும் அனாபிளாஸ்மா பேகோசைட்டோஃபிலம் வெள்ளணுக்களில் வாழ்வது. மேய்ச்சல் காலத்தில் மாடுகளுக்குக் காய்ச்சலும் பால் குறைவும் தருவது. பெரும்பாலும் தானாகத் தெளிந்துவிடுவது. இதற்கு எதிராக உண்டான எதிர்ப்பொருள் மார்ஜினாலே தட்டிலும் ஒட்டிக்கொள்கிறதோ?

வேண்டுமென்றே தொற்று ஏற்படுத்திப் பார்த்தார்கள். பேகோசைட்டோஃபிலம் மட்டும் தொற்றிய மாடு, ஆடு, குதிரை ஆகியவற்றின் சீரத்தை மார்ஜினாலே எலிசாவில் விட்டார்கள். பாசிட்டிவ். மார்ஜினாலே மட்டும் தொற்றிய கன்றுகளின் சீரத்தைப் பேகோசைட்டோஃபிலத்துக்கான ஒளிரும் சாயச் சோதனையில் விட்டார்கள். அதிலும் பாசிட்டிவ். இரண்டு கிருமிகளின் எம்.எஸ்.பி.5ஐயும் அடுத்தடுத்து வைத்து 209 அமினோ அமிலங்களின் வரிசையைக் கணினியில் ஒப்பிட்டபோது 63 சதவீதம் ஒன்றாகவே இருந்தது. 2005இல் இது வெளியானது.

மாறாத புரதம் என்பதற்காகத்தான் எம்.எஸ்.பி.5ஐத் தேர்ந்தெடுத்தார்கள். வலுவான அந்த மாறாத்தன்மையே இங்கே காலை வாரியது. ஓர் இனத்தின் எல்லா வகைகளிலும் மாறாமல் காக்கப்படும் புரதம், பங்காளி இனத்திலும் பெரிய அளவில் மாறாமலே இருக்கும். சோதனையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் பிறந்தவை என்பதால், ஒன்றைத் திருத்தினால் மற்றது குறையும். ஓரிகானில் அளந்த 95 என்ற எண் அந்த மாடுகளுக்கும் அங்கிருந்த உண்ணிகளுக்கும் உரியது. ஆல்ப்ஸ் புல்வெளிக்கு அதைக் கொண்டுபோனால் அது 95ஆக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சோதனைப் பெட்டியின் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் அச்சான எண்களை நாம் அந்தப் பெட்டியின் குணம் என்று நினைக்கிறோம். அவை பெட்டியும் மந்தையும் மேய்ச்சல் நிலமும் சேர்ந்து தந்தவை.

கோட்டை நகர்த்தினால் என்ன? 2007இல் அமெரிக்காவில் காயடித்த காளைகளில் நடத்திய ஓர் ஆய்வில் 30ஐ 42ஆக உயர்த்தியபோது பொய்யான பாசிட்டிவ் முற்றிலும் நின்றது. அருமைதான். ஆனால் கோட்டை உயர்த்தும்போது, அப்போதுதான் எதிர்ப்பொருள் உண்டாகத் தொடங்கிய மாடுகள் நெகட்டிவ் பக்கம் நழுவும் வாய்ப்பு கூடுகிறது. நோயே இல்லாத நாட்டுக்குள் மாடு இறக்குமதி செய்பவருக்கு ஒரு பொய் நெகட்டிவ் பேராபத்து. மந்தையிலிருந்து மாடுகளைக் கழிக்கப் போகிறவருக்கு ஒரு பொய் பாசிட்டிவ் நஷ்டம். கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதை நிறம் அளக்கும் கருவி தீர்மானிக்க முடியாது; எந்தத் தவறுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கும்.

உண்மை நிலையைச் சொல்லும் உரைகல்லே இல்லாத இடத்தில் சோதனையை அளப்பது எப்படி? 1980இல் ஹுயி, வால்ட்டர் என்ற இரு புள்ளியியலாளர்கள் அழகான வழி ஒன்றைச் சொன்னார்கள். இரண்டு சோதனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நோயின் அளவு வேறுபட்ட இரண்டு மந்தைகளில் இரண்டையும் செய்யுங்கள். தெரியாதவை ஆறு: இரு சோதனைகளின் உணர்திறன், இரு குறிப்புத்திறன், இரு மந்தைகளின் நோய் அளவு. ஒவ்வொரு மந்தையிலும் முடிவுகள் நான்கு வகையாகப் பிரியும்: இரண்டும் பாசிட்டிவ், இரண்டும் நெகட்டிவ், ஒன்று மட்டும், மற்றது மட்டும். மொத்தம் தெரிந்திருப்பதால் நான்கில் மூன்றே புதுத் தகவல். இரு மந்தைக்கும் சேர்த்து ஆறு. ஆறு தெரியாதவற்றுக்கு ஆறு தகவல், கணக்குத் தீர்ந்துவிடும். எந்த மாட்டுக்கு நோய் என்று ஒருவருக்கும் தெரியாமலே, சோதனை எவ்வளவு சரி என்று சொல்லிவிடலாம்.

கால்நடை ஆய்வுகளில் இந்த முறை மிகவும் செல்வாக்கானது. எனக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு. இரண்டு சோதனைகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தவறு செய்ய வேண்டும் என்பதும், இரு மந்தைகளிலும் ஒரே அளவு தவறு செய்ய வேண்டும் என்பதும் இதன் நிபந்தனைகள். இரண்டுமே எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைகள் என்றால், பேகோசைட்டோஃபிலம் தொற்றிய மாடு இரண்டையும் சேர்த்தே ஏமாற்றும். இரண்டும் ஒத்துப்போவதைப் பார்த்துக் கணக்கு அந்த மாட்டுக்கு மார்ஜினாலே உண்டு என்று நம்பிவிடும். ஒரு மந்தை மலைமேலும் ஒன்று சமவெளியிலும் மேய்ந்தால், இக்ஸோடஸ் உண்ணியின் அளவு மாறி இரண்டாவது நிபந்தனையும் உடைந்துவிடும். எதிர்ப்பொருள் சோதனையோடு பி.சி.ஆரைச் சேர்ப்பது இதைவிட நல்லது. அவை வெவ்வேறு காரணங்களுக்காகத் தவறுகின்றன. ஆனால் அப்போதும் அவை தேடும் பொருள் ஒன்றல்ல. பி.சி.ஆர். இன்று கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறது. எலிசா என்றைக்காவது இருந்ததா என்று பார்க்கிறது. டெட்ராசைக்ளின் கொடுத்துக் கிருமியை முழுவதும் ஒழித்த மாட்டின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் நீடிக்கும். சீம்பால் குடித்த கன்று தாயின் எதிர்ப்பொருளைக் காட்டும், கிருமியைச் சந்தித்திருக்காது.

இதுவரை பாசிட்டிவ் என்றால் கெட்ட செய்தி என்றே பேசிவந்தோம். நோய் நிரந்தரமாகக் குடியிருக்கும் இடங்களில் இது தலைகீழாகிறது. தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பெரும்பகுதி அப்படிப்பட்ட இடம்தான். ஒரு வயதுக்குள் அனாபிளாஸ்மா தொற்றும் கன்றுக்கு நோய் வெளியே தெரிவதே அபூர்வம். இரண்டு வயது தாண்டிய மாட்டை முதல் முறையாகத் தாக்கினால் நோய்ப்பட்டவற்றில் மூன்றில் ஒன்று, சில வேளை பாதிகூடச் செத்துப்போகும். எனவே சிறு வயதிலேயே எல்லாக் கன்றுகளையும் உண்ணி கடித்துத் தொற்றிவிட்டால் மந்தை பத்திரம்.

பபீசியாவை வைத்து ஆஸ்திரேலியாவில் மஹோனியும் ராஸும் 1972இல் இதை எண்ணாக்கினார்கள். ஒன்பது மாத வயதுக்குள் சுமார் 75 சதவீதக் கன்றுகள் தொற்றைச் சந்தித்திருந்தால் அந்த மந்தையில் பெரும் சாவு வராது. அங்கே கன்றுகளின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடுவது, தடுப்பூசி போட வேண்டுமா என்று முடிவெடுக்க. 90 சதவீதம் பாசிட்டிவ் என்றால் பண்ணைக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம். 30 சதவீதம் என்றால் ஊசிக்குச் சொல்லியனுப்ப வேண்டும். இந்த வேலைக்கு ஒவ்வொரு மாட்டின் முடிவும் சரியாக இருக்க வேண்டியதில்லை. மந்தையின் சராசரி ஏறக்குறைய சரியாக வந்தால் போதும்; ஐந்து சதவீதத் தவறைப் பொறுத்துக்கொள்ளலாம். சுவிஸ் பண்ணைக்குப் பொருந்தாத சோதனை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பண்ணைக்குத் தாராளமாகப் பொருந்தும்.

அனாபிளாஸ்மாவுக்கும் ஒரு தடுப்பூசி உண்டு. அதுவும் தைலர் கொடுத்ததுதான். 1911இல் அவர் கண்டெடுத்த அனாபிளாஸ்மா சென்ட்ராலே மார்ஜினாலேயின் சாதுவான உறவு. உயிருள்ள அந்தக் கிருமியையே ஊசியாகப் போடுகிறார்கள். தென்னாப்பிரிக்கா, இஸ்ரேல், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஊசி போட்ட மாடு சென்ட்ராலேயைத் தன் ரத்தத்தில் நெடுங்காலம் சுமக்கும். சென்ட்ராலேயிடமும் எம்.எஸ்.பி.5 இருக்கிறது. ஆகவே 30 சதவீதக் கோட்டைத் தாண்டி நிற்கும் மாடு நோய் கண்டு பிழைத்ததா, நோய் வராமலிருக்க ஊசி போட்டுக்கொண்டதா என்று அந்தத் தட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு கிருமிகளின் மரபணுவையும் தனித்தனியாகத் தேடும் பி.சி.ஆர். செய்ய வேண்டும். அதற்கு வசதியில்லாத இடத்தில், காதிலுள்ள அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டு பண்ணையின் தடுப்பூசிப் பதிவேட்டை வாங்கிப் பார்க்க வேண்டியதுதான்.